ஒரு ராஜினாமா கடிதமும் டேராடூன் விடுதியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1998-இல் திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியருக்குக் கண் நீர் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. வயது 46. கரும்பலகையில் எழுதியதையே திரும்ப வாசிக்க முடியவில்லை. "எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க சார், அதுதான் கௌரவம்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விருப்ப ஓய்வுக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்ததும் நான்தான்.

எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று அப்போதே சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதற்கு முந்தைய கதையைச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

நம் நாட்டில் பார்வையற்றோருக்கான பள்ளிகள் பழையவை. 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கினார். எல்லாம் குழந்தைகளுக்கு. நாற்பது ஐம்பது வயதில் பார்வை இழந்தவருக்கு என்ன இருந்தது? திண்ணை இருந்தது. ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது.

அந்த நிலையை மாற்றியது யுத்தம். முதல் உலகப்போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1915-இல் லண்டனில் ஆர்தர் பியர்சன் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அவரே நடுவயதில் பார்வை இழந்த பத்திரிகை அதிபர். அதே ஆண்டு கலிப்பொலி போர்முனையில் கண்ணிழந்த நியூசிலாந்து வீரர் க்ளூத்தா மெக்கன்சி அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது அவர் இந்தியாவுக்கு வந்து, 1943-இல் டேராடூனில் பார்வையிழந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு விடுதி தொடங்கினார். 1950-இல் மத்திய அரசு அதை ஏற்றுப் பொதுமக்களுக்கான வயது வந்தோர் பயிற்சி மையமாக்கியது. மறு ஆண்டு அங்கேயே பிரெயில் அச்சகமும் வந்தது. இன்றைய தேசிய நிறுவனத்துக்கு வேர் அந்த விடுதிதான். அதன் தென்மண்டல மையம் நமக்குப் பக்கத்தில், பூந்தமல்லியில் இருக்கிறது.

கைத்தொழில் பயிற்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாழ்க்கையை மறுபடி கற்பது. டம்ளர் விளிம்பில் விரல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது, ரூபாய் நோட்டுகளை வெவ்வேறு விதமாக மடித்து அடையாளம் வைப்பது, கோல் பிடித்து நடப்பது. நடப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வலக்கால் முன்னே போகும்போது கோல் இடப்பக்கம் தட்ட வேண்டும், இடக்கால் போகும்போது வலப்பக்கம். 1944 வாக்கில் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை இது. நம் கணக்கு வாத்தியாருக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் ரசித்திருப்பார். அவரோ ஏழெட்டு வருஷம் மகள் தோளைப் பிடித்துத்தான் தெருவுக்கு வந்தார்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1995-இல் நிறைவேறி 1996 பிப்ரவரியில் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆவது பிரிவு இது: அரசுப் பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால் தனிப் பணியிடம் உருவாக்கி ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். இது கட்டாயம் என்று 2003-இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரையில் படித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். 12 வருஷச் சம்பளம், சார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீங்க என்ன பண்ணுவீங்க, எனக்கும்தானே தெரியல. இருங்க, தோசை ஊத்தச் சொல்றேன்" என்றார். அவர் இப்போது இல்லை.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே பாதுகாப்பு 20-ஆவது பிரிவில் தொடர்கிறது. உங்களில் பலர் அரசு வேலையில் இருக்கிறீர்கள். கண் மங்குகிறது என்று யாராவது கடிதம் எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடுங்கி வையுங்கள். முதலில் மருத்துவச் சான்று, அதன் பிறகு தேசிய அடையாள அட்டை. விண்ணப்பிக்க வழி தெரியாவிட்டால் விழுப்புரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். முழுப் பார்வையும் போயிருக்க வேண்டும் என்பதில்லை, குறைபார்வைக்கும் தனி வரையறை உண்டு.

இதெல்லாம் இப்போது ஏன் என்று கேட்பீர்கள். போன மாதம் புதுச்சேரியில் பரிசோதித்தபோது எனக்கும் அதே நோய் என்றார்கள். வலக்கண் ஓரப்பார்வை பாதி போய்விட்டது. சொட்டு மருந்து விடுகிறேன். இது வலிக்காமல் வரும் நோய். நாற்பது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது இருந்தால் கட்டாயம், கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். என் தம்பி, தங்கை பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான்.

இந்தப் பதிவைத் தட்டச்சு செய்யவில்லை, கைப்பேசியிடம் வாயால் சொன்னேன். பேரன் ஒருமுறை திருத்தினான். ழகர ளகரம் எங்காவது மாறியிருந்தால் அவனிடம் கேளுங்கள்.