பீடை எனும் பெயர்: அவுஸ்திரேலியப் புதர்நிலத்தில் வேட்டையின் வரலாறு

விலங்கொன்றைப் 'பீடை' எனச் சட்டம் குறிப்பிடும்போது அச்சொல் அவ்விலங்கின் இயல்பைச் சுட்டுவதாகவே நாம் பெரும்பாலும் கொள்கின்றோம். ஆயின் உயிரியலில் அத்தகைய வகுப்பு எதுவுமில்லை. யாருடைய பயிருக்கு, யாருடைய மந்தைக்கு, யாருடைய காணிக்கு அவ்விலங்கு கேடு விளைக்கின்றது என்ற வினாவுக்கு விடை காணாதவரை அச்சொல்லின் பொருளும் தெளிவுபடாது. இவ்வுண்மையை நன்குணர்த்தும் வரலாறுகளுள் அவுஸ்திரேலியாவினது முக்கியமான ஒன்றாகும். 1788 இல் ஆங்கிலேயர் அங்கு குடியேறிய காலந்தொட்டுக் கொண்டுவரப்பட்ட முயல், நரி, குதிரை, ஒட்டகம், பன்றி, ஆடு, பூனை முதலியன உள்நாட்டுப் புதர்நிலங்களிற் காட்டுநிலையடைந்து பெருகின. அவற்றைக் கொன்றொழிக்கும் முயற்சிகளும் உடன்தொடர்ந்தன. வேட்டை அங்கு முதலிற் செல்வரின் பொழுதுபோக்காகவும், பின்னர் வறியவரின் கூலித்தொழிலாகவும், அதன்பின் அரச நிருவாகத்தின் பணியாகவும் வடிவங்கொண்டது. இவ்வடிவங்களைக் காணியுடைமையின் நலன்களே பெரிதும் தீர்மானித்தன என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தில் 1831 ஆம் ஆண்டுவரை வேட்டை விலங்குகளைக் கொல்லும் உரிமை காணியுடைமைத் தகுதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே வேட்டையாடுதல் என்பது அந்நாட்டில் ஒருவனுடைய சமூகத் தகுதியைப் பறைசாற்றும் செயலாயிற்று. ஆட்டுரோமத்தால் அவுஸ்திரேலியாவிற் செல்வம் திரட்டிய மந்தைப் பண்ணையார் தம் தாய்நாட்டுப் பிரபுக்களின் வாழ்க்கையைப் பின்பற்ற விழைந்தமை வியப்பன்று. விக்டோரியாவில், வின்செல்சிக்கு அண்மையில் அமைந்த பார்வன் பார்க் என்னும் பண்ணையின் உரிமையாளரான தோமஸ் ஒஸ்ரின், 1859 இல் இங்கிலாந்திலிருந்து 24 முயல்களைத் தருவித்து வேட்டைக்கென வளர்த்தார். 1861 இல் விக்டோரியாவில் தோன்றிய பிறநாட்டு உயிரினப் பழக்குச் சங்கம் இத்தகைய முயற்சிகளுக்கு அறிவியலின் மதிப்பையும் அளித்தது. 1867 இல் எடின்பரோக் கோமகனான இளவரசர் அல்பிரட் பார்வன் பார்க்கிற்கு வருகை தந்து முயல் வேட்டையாடினார். பண்ணையாரின் பெருமைக்கு அதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ? குதிரையேறித் துரத்தும் வேட்டையின் பொருட்டு நரிகளும் இதே காலப்பகுதியிற் கொண்டுவரப்பட்டன. அவுஸ்திரேலியக் கண்டத்தின் முயற்பெருக்கம் பிரதானமாக ஒஸ்ரினின் முயல்களிலிருந்தே தோன்றியதென 2022 இல் வெளியான மரபணு ஆய்வொன்று உறுதிசெய்துள்ளது.

முயல்கள் பெருகியமைக்கு அவற்றின் இனப்பெருக்க வேகம் மட்டும் காரணமன்று. ஆடுகளைக் காக்கும்பொருட்டு டிங்கோ நாய்களையும் பிற ஊனுண்ணிகளையும் நஞ்சூட்டிக் கொன்ற பண்ணையார், முயலின் பகைவரையும் தம்மையறியாமல் அகற்றிவிட்டனர். சில பத்தாண்டுகளில் முயல்கள் விக்டோரியாவைக் கடந்து நியூ சவுத் வேல்சிலும் குயீன்ஸ்லாந்திலும் பரவின. செல்வரின் விளையாட்டுப் பொருளாயிருந்த உயிர் அச்செல்வரின் மேய்ச்சல் நிலத்தையே அழிக்கத் தலைப்பட்டபோது சட்டம் அதற்குப் பீடை எனப் பெயரிட்டது.

இதன்பின் வேட்டை கூலித்தொழிலாயிற்று. கொல்லப்பட்ட முயலின் உச்சித்தோலைக் காட்டிச் சன்மானம் பெறும் முறையை அரசுகள் ஏற்படுத்தின. இம்முறையில் ஓர் உள்முரண்பாடு பொதிந்திருந்தது. முயல் முற்றாக ஒழிந்துவிடின் வேட்டைக்காரனின் வருவாயும் ஒழிந்துவிடும். பெட்டை முயல்களை இனப்பெருக்கத்திற்கென விட்டுவிடுகின்றனர் என்ற முறைப்பாடு அக்காலத்திலேயே எழுந்தது. 1887 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு முயல்களை ஒழிக்கும் சிறந்த வழியொன்றைக் காண்போருக்கு 25,000 பவுண் பரிசளிப்பதாக அறிவித்தது. பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் கோழிக்கொள்ளை நோய்க்கிருமியைப் பயன்படுத்தலாமெனக் கருதித் தம் மருமகனாகிய அட்ரியன் லுவாரைச் சிட்னிக்கு அனுப்பினார். எனினும் அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. மேற்கு அவுஸ்திரேலியா 1901 இற்கும் 1907 இற்குமிடையில் மொத்தம் 3,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேலிகளை அமைத்தது. முதல் வேலி முடியுமுன்னரே முயல்கள் அதனைக் கடந்துவிட்டன.

இதற்கிடையில் முயல் வறியவரின் வாழ்வாதாரமாகவும் மாறியிருந்தது. உறைநிலை இறைச்சியாக அது பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயிற்று. அதன் மென்மயிர் தொப்பி செய்யப் பயன்பட்டது. 1930 களின் பொருளாதார மந்தத்திற் கைத்தொழிலிழந்த குடும்பங்கள் பல முயலிறைச்சியால் உயிர்தரித்தன. பண்ணையாருக்குப் பீடையாயிருந்த அதே முயல் வேலையற்றவனுக்கு உணவாயிற்று. ஒரே விலங்கு இரு வர்க்கத்தாருக்கும் இருவேறு பொருளுடையதாயிருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பீடை எனும் பெயர் வேற்று நாட்டு விலங்குகளுக்கு மாத்திரம் உரியதாயிருந்ததெனக் கருதுவது தவறாகும். அந்நாட்டுக்கே உரிய கங்காருக்களை அழிப்பதற்கெனக் குயீன்ஸ்லாந்து 1877 இற் சட்டமியற்றியது. ஆதிக்குடிகளின் வேட்டையும் டிங்கோ நாய்களும் குறைந்தமையும், மந்தைகளுக்கென நீர்நிலைகள் அமைக்கப்பட்டமையும் கங்காருக்கள் பெருக வாய்ப்பளித்தன. எனவே ஆதிக்குடிகளின் உணவாயிருந்த விலங்கு, அவர்களுடைய நிலம் பறிக்கப்பட்டபின் அந்நிலத்தின் புதிய உடைமையாளருக்குப் பகையாயிற்று. தஸ்மானியப் புலி எனப்பட்ட தைலசினின் கதை இதனினும் அவலமானது. 1888 முதல் 1909 வரை தஸ்மானிய அரசு வளர்ந்த விலங்கொன்றுக்கு ஒரு பவுண் வீதம் சன்மானம் வழங்கியது. 2,184 சன்மானங்கள் கொடுக்கப்பட்டதாகப் பதிவுகள் கூறும். ஆட்டுமந்தைகளின் இழப்புக்குக் காட்டுநிலையடைந்த நாய்களும் பண்ணை நிருவாகச் சீர்கேடும் பெருங்காரணங்களாயிருந்தன எனப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் பழி தைலசின்மீதே சுமத்தப்பட்டது. 1936 யூலையில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் நாள், இறுதியாக அறியப்பட்ட தைலசின் ஹோபார்ட் விலங்குக்காட்சிச்சாலையில் இறந்தது. சட்டம் தன் பெயரிடுதலை மாற்றிக்கொண்டபோது அப்பெயருக்குரிய உயிர் இல்லாதொழிந்தது.

வேட்டையை அரசு நேரடியாகப் பொறுப்பேற்ற நிகழ்ச்சிகளுள் 1932 இன் 'ஈமுப் போர்' பரவலாக நகைச்சுவையாகவே கூறப்படுகின்றது. அதன் பின்னணி நகைப்புக்குரியதன்று. முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட படைவீரர் பலருக்கு மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட விளிம்புநிலங்கள் கோதுமைச் செய்கைக்கென வழங்கப்பட்டன. பொருளாதார மந்தத்தாற் கோதுமையின் விலை வீழ்ந்தபோது இவர்கள் கடனில் மூழ்கினர். அந்நிலையில் ஏறத்தாழ 20,000 ஈமுப் பறவைகள் கம்பியன் பகுதியின் வயல்களிற் புகுந்தன. பாதுகாப்பு அமைச்சர் சேர் ஜோர்ஜ் பியர்ஸ், மேஜர் மெரடித்தின் தலைமையிற் சிறு படைப்பிரிவொன்றை இரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளுடனும் 10,000 ரவைகளுடனும் அனுப்பிவைத்தார். பறவைகள் சிறுசிறு கூட்டங்களாகச் சிதறியோடின, துப்பாக்கிகள் பயனளிக்கவில்லை. 9,860 ரவைகளால் 986 ஈமுக்கள் கொல்லப்பட்டன என்று மெரடித் அறிக்கை செய்தார். பறவை ஒன்றுக்குச் சரியாகப் பத்து ரவை என்னும் இக்கணக்கின் ஒழுங்கே அதனை ஐயத்துக்குரியதாக்குகின்றது. கோதுமைக்கு நியாயமான விலையை வேண்டிநின்ற உழவருக்கு அரசு துப்பாக்கியை அனுப்பியது. விலை வீழ்ச்சியை விளைத்தது ஈமு அன்று. எனினும் கண்ணுக்குப் புலப்பட்ட எதிரி அது ஒன்றே.

துப்பாக்கி தோற்ற இடத்தில் ஆய்வுகூடம் வென்றது, அவ்வெற்றியும் நிலைக்கவில்லை. 1950 இல் மிக்சோமற்றோசிஸ் என்னும் நோயை விளைக்கும் வைரசு முயல்களிடையே பரப்பப்பட்டது. ஏறத்தாழ 60 கோடியென மதிப்பிடப்பட்ட முயற்றொகை இரண்டாண்டுகளில் 10 கோடியளவுக்குக் குறைந்தது. இந்நோய் மனிதரைத் தாக்காதென மக்களுக்கு உணர்த்துவதற்காக மக்ஃபர்லன் பேர்னற், பிராங்க் பென்னர், இயன் குளூனிஸ் றொஸ் ஆகிய அறிஞர் மூவரும் அவ்வைரசைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டனர். ஆட்டுரோம உற்பத்தி உயர்ந்தது. முயல் பிடித்து வாழ்ந்தோர் தம் தொழிலை இழந்தனர். காலப்போக்கில் முயல்கள் எதிர்ப்புச் சக்தி பெற்று மீண்டும் பெருகின. 1995 இல் வார்டாங் தீவின் ஆய்வு நிலையத்திலிருந்து தப்பிப் பரவிய மற்றொரு வைரசு அடுத்த ஆண்டில் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டது. ஆயினும் முயல்கள் முற்றாக அழியவில்லை.

ஒட்டகத்தின் வரலாறு உழைப்பின் வரலாறுமாகும். 1860 இல் பேர்க், வில்ஸ் ஆகியோரின் ஆராய்ச்சிப் பயணத்துக்கெனக் கராச்சியிலிருந்து ஒட்டகங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றோடு ஒட்டகமோட்டிகளும் வந்தனர். ஆப்கானிஸ்தானிலிருந்தும் இன்றைய பாகிஸ்தான், இந்தியா ஆகிய பகுதிகளிலிருந்தும் வந்த இவர்கள் அனைவரும் 'ஆப்கானியர்' என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். உள்நாட்டுச் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் தந்தி நிலையங்களுக்கும் பொருள்களைக் கொண்டுசென்றவர்கள் இவர்களே. 1920 களில் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது ஒட்டகங்கள் பயனற்றவையாயின. 1925 இல் தென் அவுஸ்திரேலியா ஒட்டகங்களை அழிப்பதற்கெனச் சட்டமியற்றியது. தம்மோடு உழைத்த விலங்குகளைக் கொல்ல மனமற்ற உரிமையாளர் பலர் அவற்றைப் பாலைநிலத்தில் விடுவித்தனர். அவற்றின் வழித்தோன்றல்களைக் குறைக்க 2009 முதல் 2013 வரை நடைபெற்ற அரச திட்டத்தில் ஏறத்தாழ 1,60,000 ஒட்டகங்கள் அகற்றப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஹெலிகொப்டரிலிருந்து சுடப்பட்டவையாகும்.

இவ்விடத்து எமது வாதத்தைச் சிறிது திருத்தமுற நோக்கவேண்டியுள்ளது. 2020 சனவரியிற் கடும் வரட்சியின்போது தென் அவுஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள ஆனங்கு மக்களின் காணிகளில் நீர் தேடி ஒட்டகங்கள் திரண்டன. கிராமங்களின் நீர்க்குழாய்களும் வேலிகளும் சேதமுற்றன. பண்பாட்டு மதிப்பு வாய்ந்த நீர்நிலைகள் அழுகிய உடல்களால் மாசடைந்தன. 5,000 இற்கு மேற்பட்ட ஒட்டகங்களைச் சுடும் முடிவு அம்மக்களின் பிரதிநிதிகளின் வேண்டுதலோடு மேற்கொள்ளப்பட்டது. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தம் நிலத்தின்மீது உரிமையை மீளப்பெற்றவர்கள் இவர்கள். பீடை எனப் பெயரிடும் அதிகாரம் நில உரிமையோடு செல்வதை இந்நிகழ்ச்சி மறுபுறத்திலிருந்து மெய்ப்பிக்கின்றது. அதே வேளை, அப்பெயர் எப்போதும் செல்வரின் கருவியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை என்பதையும் காட்டுகின்றது.

காட்டுக்குதிரை பற்றிய விவாதம் இன்னொரு முரண்பாட்டை வெளிப்படுத்துகின்றது. 2000 ஒக்டோபரில் நியூ சவுத் வேல்சின் கை ஃபோக்ஸ் ஆற்றுத் தேசியப் பூங்காவில் 606 குதிரைகள் வானிலிருந்து சுடப்பட்டபோது மக்களின் சீற்றம் அம்முறையையே நிறுத்தியது. கொசியஸ்கோ மலைப்பகுதிக் குதிரைகளைப் பாரம்பரியச் சின்னமெனக் கொண்டு 2018 இற் சட்டமும் இயற்றப்பட்டது. பனிமலைச் சதுப்புகளும் அவற்றைச் சார்ந்த அரிய உயிர்களும் குதிரைகளால் அழிவதாக அறிவியலாளர் தொடர்ந்து எச்சரித்தமையால் 2023 இல் வானிலிருந்து சுடுதல் அங்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. குதிரை குடியேறிகளின் வீரக்கதையில் இடம்பெற்றது; ஒட்டகத்துக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. எந்த விலங்குக்காகக் கண்ணீர் சிந்துவது என்பதையும் வரலாறே கற்பிக்கின்றது.

இதனால் வேட்டை முழுவதும் தேவையற்றதென வாதிடுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. 1788 இன் பின்னர் 30 இற்கு மேற்பட்ட பாலூட்டியினங்கள் அவுஸ்திரேலியாவில் அற்றுப்போயுள்ளன. பூனையும் நரியும் அவ்வழிவின் முதன்மைக் காரணிகளுட் சேர்வன. எஞ்சியுள்ள உயிர்களைக் காப்பதற்குக் கொலை தவிர்க்கவியலாததாகும் சந்தர்ப்பங்கள் உள. ஆயின் கொல்வதற்கு முன்னர் மூன்று வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும்: இவ்விலங்குக்குப் பீடை எனப் பெயரிட்டவர் யார்? அதன் அழிவாற் பயனடைவோர் யார்? அதனைப் பெருகச்செய்த செயல் யாருடையது? இவ்வினாக்களை எழுப்பாமையாலேயே தைலசின் அழிந்தது. ஈமுவின்மீது ரவைகள் வீணாயின. நிலத்தைக் கெடுத்த உடைமையமைப்பு ஆராயப்படாதிருந்தது. முயல் தானாக அவுஸ்திரேலியாவுக்கு வரவில்லை. ஒட்டகமும் விரும்பிக் கடல் கடக்கவில்லை. அவற்றை ஏற்றிவந்த கப்பல்களின் வரலாறு எழுதப்படாதவரை அவற்றைச் சுட்டுவீழ்த்திய துப்பாக்கிகளின் வரலாறும் நிறைவுபெறாது.