கண்டிச் சீமையில் இலவசக் கல்வி பிறந்த கதை

கீழப்பழுவூர் உள்ளிட்ட அரியலூர் வட்டாரம் முன்பு திருச்சி ஜில்லா. கங்காணியின் பேச்சை நம்பிக் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் அந்த ஜில்லாக்காரர்கள் ஏராளம். ஆகவே இலங்கையின் இலவசக் கல்வி நமக்கு வேற்றுநாட்டுச் செய்தி அல்ல.

அந்தக் கதை ஓட்டிலிருந்து தொடங்குகிறது. 1931-இல் டொனமூர் அரசியலமைப்பு, 21 வயது நிறைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டுரிமை கொடுத்தது. பிரிட்டனிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமாக ஓட்டுப் பெற்று மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குடியானவனிடம் ஓட்டுக் கேட்டுப் போனால், அவன் பிள்ளையின் படிப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா?

அந்த அரசியலமைப்பின்படி அமைந்த அரசாங்க சபையில் கல்வி அமைச்சரானவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. சிறுவயதில் அம்பலாங்கொடைப் பள்ளியில் படித்தவர். பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி நகர ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல், பரிசுகளை வாரிக்கொண்ட அந்தப் பையனைக் கண்டுகொண்டார். உதவிச் சம்பளத்தில் ரிச்மண்டின் கதவு திறந்தது. திறமை இருந்தும் எந்த டாரலின் கண்ணிலும் படாத பிள்ளைகள் என்ன ஆவார்கள்? கன்னங்கராவின் பிற்காலப் பணி முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில் என்றே நான் படிக்கிறேன்.

அன்று அங்கே இருவகைப் பள்ளிகள். சிங்களத்திலும் தமிழிலும் நடந்தவற்றுக்குக் கட்டணமில்லை. அங்கே படித்தவர்களுக்குப் பெரிய உத்தியோகமும் இல்லை. உத்தியோகத்துக்கு வழிவிட்ட ஆங்கிலப் பள்ளிகளோ கட்டணம் கேட்டன. இந்தச் சுவரை இடிக்க கன்னங்கரா தலைமையிலான குழு 1943-இல் அறிக்கை கொடுத்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் கூடாது, ஆரம்பக் கல்வி தாய்மொழியில் வேண்டும் என்றது. உலகப் போர் நடக்கும் நேரத்தில் பணத்துக்கு எங்கே போவது என்று வசதி படைத்தவர்கள் எதிர்த்தார்கள். தனியார் பள்ளிகளை நடத்தியவர்களிலும் பலர் எதிர்த்தார்கள். அவர் அசையவில்லை. 1945 அக்டோபர் 1 முதல் கட்டணம் நீங்கியது. கிராமப்புறங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்தார்கள். இங்கே காமராசர் முதல்வரானதே 1954-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வேகம் புரியும்.

1947 தேர்தலில் மத்துகம தொகுதியில் அதே கன்னங்கரா தோற்றார்.

என் மனம் ஆறாத இடம் வேறு. தேயிலைத் தோட்டப் பள்ளிகள் துரைமார் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1948-இல் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோனது. அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. ஓட்டுரிமை இல்லாத லயத்துத் தொழிலாளர்களுக்காகச் சபையில் யார் வாதாடுவார்கள்? அந்தப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். அதற்குள் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் கொழுந்துக்கூடையோடு வளர்ந்துவிட்டார்கள். கன்னங்கராவைப் போற்றுவோம், ஆனால் இந்தக் கதையை எழுதும் எவரும் அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதக் கூடாது.