அரசை எதிர்த்து வென்றவர் செலவு

பாண்டியன் அவைக்களத்தே கண்ணகி வழக்குரைத்தபோது அவளுக்கு வழக்கறிஞர் எவரும் இலர். காற்சிலம்பு ஒன்றே சான்று. அவள் நாவே வாதம். வழக்குரை காதையைப் பாடம் சொல்லும் ஆசிரியரிடம், “இக்காலத்தில் அரசின்மேல் வழக்குத் தொடுத்து வென்றவருக்கு, வழக்கறிஞருக்குக் கொடுத்த பணம் திரும்புமா?” என்று ஒரு மாணவன் கேட்பானாயின், விடை அத்துணை எளிதன்று.

ஆங்கில நாட்டில் வென்ற வாதி எதிரியிடம் செலவுத்தொகை பெறும் உரிமையை 1278ஆம் ஆண்டின் குளோஸ்டர்ச் சட்டம் நல்கிற்று. மன்னர் மட்டும் இதற்கு விலக்கு. அவர் செலவு கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. வாங்குதல் அவர் மாட்சிக்கு இழுக்காம். வாங்காமை மாட்சியென்றே கொள்வோம். கொடாமையும் மாட்சியாவது எங்ஙனம்? இவ்விலக்கு நீங்க 1933ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1947இல் அரசின்மேல் வழக்குத் தொடுக்கும் முறை முழுவதும் சீர்செய்யப்பட்டது.

அதன் சாயலிலேயே மலாயாவில், விடுதலைக்கு முந்திய ஆண்டாகிய 1956இல், அரசாங்க வழக்குச் சட்டம் பிறந்தது. இதன்படி நடுவண் அரசோ மாநில அரசோ தோற்றால், நீதிமன்றம் அதன்மேல் செலவுத்தொகை விதிக்கலாம். ஆயின் 33ஆம் பிரிவில் ஒரு முடிச்சு உண்டு. தோற்ற தனிமனிதனின் உடைமையை ஏலமிடுவதுபோல் அரசின் உடைமையை ஏலமிட இயலாது. வென்றவர் நீதிமன்றத்தில் ஒரு சான்றிதழ் பெற்று, அதனை அரசிடம் காட்டிப் பணம் கேட்க வேண்டும். அரசு வாளாவிருந்தால்? சபா மாநில அரசுக்கு எதிரான பெட்ரோஜாசா வழக்கில் 2008இல் கூட்டரசு நீதிமன்றம் விடை பகர்ந்தது: உடைமையைப் பறிக்க இயலாதெனினும், கடமையைச் செய்யுமாறு உரிய அமைச்சருக்கு நீதிமன்றம் ஆணையிடலாம்.

விதித்த தொகை கைக்கு வந்தாலும் முழுச் செலவும் வந்ததாகாது. வழக்கறிஞருக்கு உண்மையில் கொடுத்தது வேறு. நியாயமான செலவென்று நீதிமன்றம் ஏற்பது வேறு. தோற்றாலோ, அரசின் செலவையும் சேர்த்துச் சுமக்க நேரும். “வென்றால் கிடைப்பதில் பங்கு தருகிறேன்” என்று வழக்கறிஞரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளவும் வழியில்லை. 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற்சட்டம், 112ஆம் பிரிவு, அதனைத் தடுக்கிறது. அமெரிக்காவில் நிலை தலைகீழ். அங்கே அவரவர் செலவு அவரவர்க்கே என்பது பொதுவிதி. பங்கு ஒப்பந்தத்திற்கு இடமுண்டு. எனினும், குடியுரிமை வழக்கில் வென்றவருக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணம் தரலாம் என 1976இல் தனிச்சட்டம் இயற்றினர். ஆர்க்கன்சா மாநிலச் சிறைகளின் கொடுமை பற்றிய வழக்கில், அம்மாநிலச் சிறைத்துறையே அக்கட்டணத்தைத் தரவேண்டும் என்பதை 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை.

இனி நம் அண்டையில் நடந்த ஒன்றைக் காண்போம். பிரிக்பீல்ட்ஸ் வாசிகள் சென்ட்ரல் நிலையத்தில் விரைவு இரயில் ஏறினால் அரைமணி நேரத்தில் விமான நிலையம் சேர்வர். அவ்விரயில் ஓடத் தொடங்கியது 2002 ஏப்ரலில். அதே மாதத்தில், அவ்விமான நிலையத்தின் பொருட்டு அமைந்த நெடுஞ்சாலை பற்றி ஷா ஆலம் உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. டெங்கிலை அடுத்த புக்கிட் தம்பொயில் தெமுவான் இனத்து ஒராங் அஸ்லி மக்கள் வாழ்ந்த ஏறத்தாழ 38 ஏக்கர் நிலம் 1995இல் அச்சாலைக்காக எடுக்கப்பட்டது. பயிருக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் இழப்பீடு தந்தனர். மண்ணுக்கு ஒரு காசும் இல்லை. சாகோங் தாசியும் மற்று அறுவரும் சிலாங்கூர் மாநில அரசு, நடுவண் அரசு, நெடுஞ்சாலை வாரியம், சாலை அமைத்த நிறுவனம் ஆகிய நால்வர்மேலும் வழக்கிட்டனர். நிலமும் அவர்களுடையதே என்றது உயர்நீதிமன்றம். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனையே உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீராம். தன்னை நம்பியிருந்த மக்களுக்கு மாநில அரசு செய்ய வேண்டிய காப்புக் கடமையில் தவறியது என்றும் அவர் கண்டார்.

இவ்வழக்கை ஏற்று நடத்திய சைரஸ் தாஸ் முதலான வழக்கறிஞர்கள் தெமுவான் மக்களிடம் கட்டணம் கேட்கவில்லை. கேட்டிருப்பின் நிலமிழந்த குடிகள் எங்ஙனம் கொடுத்திருப்பர்? அரசுத் தரப்போ மேலும் முறையிட்டது. 2009இல் சிலாங்கூர் அரசு தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2010 மே மாதம் 65 இலட்சம் வெள்ளி இழப்பீட்டிற்கு மற்றவர்களும் இணங்கினர். நிலம் பறிபோய் அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.