நூல் கணக்கும் நேரக் கணக்கும்

வீட்டில் எம்பிராய்டரி மெஷின் வைத்துத் தைக்கும் பெண்கள், நூலையும் துணியையும் வீணாக்காததைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சிக்கனத்துக்கு யாருடைய உழைப்பு செலவானது என்ற கேள்வி என்னைக் கிழக்கு சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் வட்டாரத்துக்குக் கொண்டுசெல்கிறது.

1820களின் இறுதியில் பிரான்ஸின் மூலூஸ் நகரில் ஜோசுவா ஹைல்மான் உருவாக்கிய எம்பிராய்டரி இயந்திரம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே விவசாயிகளின் வீடுகளுக்குள் வந்தது. ஆண் ஒரு கைப்பிடியால் வரைபடத்தின் கோட்டைத் தொடர, நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே பூவை ஒரே நேரத்தில் தைத்தன. நூல் தீரும்போதெல்லாம் அத்தனை ஊசிக்கும் மீண்டும் கோக்க வேண்டும். கோத்தவர்கள் மனைவியும் பிள்ளைகளும். 1877ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 14 வயது நிரம்பாதவர்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. வீட்டு வாசலுக்குள் அந்தச் சட்டம் நுழையவில்லை.

ஓர் ஊசியில் நூல் அறுந்தால் ஒரு பூ அரைகுறையாக நிற்கும். பழுதுக்கு வியாபாரி கூலியில் பிடித்தம் செய்வார். விடுபட்ட தையல்களைப் பெண்கள் கையால் போட்டு நிரப்பினார்கள். துணி வீணாகாமல் தப்பியது. பள்ளிக்கு முன்னும் பின்னும் ஊசி கோத்த சிறுமியின் மணிநேரங்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இன்றும் நூல்கண்டுக்கு விலை உண்டு. நம் நேரத்துக்கு இல்லை. மிச்சத் துணியில் மாதிரி தைத்துப் பாருங்கள், ஒரே ஃபிரேமில் பல பூக்களை நெருக்கி அடுக்குங்கள். அதற்குப் பிடித்த நேரத்தையும் கூலியில் சேர்த்துக் கேளுங்கள். வீணாகக் கூடாதவற்றில் நாமும் உண்டு.