90 பேர், 35 ஆண்டுகள்: வீடு தேடிச் சென்ற ஓர் ஆய்வின் கதை

மலேசியத் தமிழர் வீடுகளில் ஓர் ஊரின் பெயரே வசைச் சொல்லாக இருந்த காலம் உண்டு. அடங்காத பிள்ளையைப் பார்த்து, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்பார்கள் பெரியவர்கள். ஈப்போவுக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் 1911-ஆம் ஆண்டு மனநோயாளிகளுக்கான பெரிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு இன்று 'பஹாகியா' மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறிவிட்டது. ஆனால் மக்கள் மனத்தில் பதிந்த அச்சம் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

பினாங்கிலிருந்து அங்கே போவதென்றால் ஃபெர்ரியில் கடலைக் கடந்து, அக்கரையில் இரயில் ஏற வேண்டும். அப்படி அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் நெடுநாள் பேசுவார்கள். குணமாகித் திரும்பி வந்தவனைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. அவன் குடும்பமே அதை மறைத்துவிடும். எனவே, 'போனவர் திரும்புவதில்லை' என்ற எண்ணமே ஊரில் நிலைத்துவிட்டது.

இன்றும் ஜார்ஜ்டவுனில் ஒரு பிள்ளைக்கு மனநோய் என்று மருத்துவர் சொன்னால், பெற்றோரின் முதல் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "என் பிள்ளையின் வாழ்க்கை இனி என்ன ஆகும்? படிப்பானா, வேலைக்குப் போவானா, குடும்பம் நடத்துவானா?" என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு ஊகத்தால் பதில் சொல்ல முடியாது. சிகிச்சை பெற்ற இளையோரைப் பல்லாண்டுகள் விடாமல் தொடர்ந்து சென்று பார்த்தவர்களால்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்த்தவர்களின் வரலாறு இது.

மருத்துவர்களையும் ஏமாற்றிய காட்சி

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. காதில் யாரோ பேசுவதாகக் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது, ஒதுங்கிப் போவது, குளிக்கவும் சாப்பிடவும்கூட மனமில்லாமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பலின் இதற்கு 'இளமையிலேயே வரும் அறிவழிவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரே ஒரு தீர்ப்பாக அமைந்துவிட்டது. வந்தால் போகாது, தேய்ந்துகொண்டே போகும் என்று பல தலைமுறை மருத்துவர்கள் நம்பினர்.

அவர்கள் அப்படி நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவமனையில் இருப்பவர்கள் யார்? குணமாகாதவர்களும், நோய் திரும்பத் திரும்ப வருபவர்களும்தான். குணமானவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். மருத்துவரின் கண்ணில் மறுபடி படுவதில்லை. ஆகவே மருத்துவருக்கும் ஊராருக்கும் ஒரே மாயை ஏற்பட்டது.

அந்த மாயையைக் கலைக்க, வீட்டுக்குப் போனவர்களையும் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தில் மன்ஃப்ரெட் பிளாய்லர் என்ற மருத்துவர் 208 நோயாளிகளை 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 1972-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். நோயாளிகளில் கணிசமானோர் தேறியிருந்தனர். நோய் முடிவில்லாமல் தேய்ந்துகொண்டே போகும் என்ற பழைய கணிப்பு பொய்த்தது.

சென்னையில் தொடங்கிய தேடல்

தமிழர்களிடையே இந்தப் பணி சென்னையில் தொடங்கியது. 1981-82-ஆம் ஆண்டுகளில் சென்னை அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளாகி வந்தவர்களில் 90 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சிகிச்சை அளித்ததோடு நிற்காமல், அவர்களுக்குப் பிறகு என்ன நேர்கிறது என்று தொடர்ந்து பதிவு செய்வதே நோக்கம். உலக மருத்துவ இதழ்களில் 'மெட்ராஸ் நீள்கால ஆய்வு' என்று அறியப்படுவது இதுவே.

இந்தப் பணியோடு பிரிக்க முடியாதபடி இணைந்த பெயர் மருத்துவர் ஆர். தாரா. அவர் பணியாற்றிய 'ஸ்கார்ஃப்' எனும் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தை 1984-இல் தொடங்கியவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் அவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தவர். 2021-இல் தமது 98-ஆம் வயதில் காலமானார். நோயாளியை மதில்களுக்குள் பூட்டி வைப்பதைவிட அவருடைய குடும்பத்தோடும் வேலையோடும் மீண்டும் சேர்ப்பதே மருத்துவம் என்பது அவர் வகுத்த வழி.

90 பேரைத் தொடர்வது எளிதா? 1980-களில் எத்தனை வீடுகளில் தொலைபேசி இருந்தது? வாடகை வீடு மாறுகிறது, முகவரி மாறுகிறது. மகளுக்கு மணமாகிவிட்டால், மருத்துவமனையிலிருந்து யாரும் வந்துவிடக்கூடாதே என்று பெற்றோர் அஞ்சுவதும் உண்டு. இத்தனைக்கும் நடுவில், 10 ஆண்டுகள் முடிந்தபோது 90 பேரில் 76 பேரைப் பற்றிய முழு விவரம் ஆய்வாளர்களிடம் இருந்தது. 20 ஆண்டுகளுக்குப் பிறகும் 61 பேரைக் காண முடிந்தது. தேடல் அத்துடன் நிற்கவில்லை. 35 ஆண்டுகள் வரை நீண்டது. இருபதுகளில் வந்தவர்கள் அறுபதை நெருங்கும்வரை அந்தக் கோப்பு மூடப்படவில்லை.

அவர்கள் கண்டது என்ன?

10 ஆண்டு முடிவில் அந்த 76 பேரில் சுமார் 70 விழுக்காட்டினர் திருமணம் ஆனவர்கள். ஆண்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தனர். 20 ஆண்டுகளைக் கடந்தவர்களில் இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் வெகு சிலரே. பலருக்கு நோய் திரும்பி வந்ததும் தணிந்ததுமாக இருந்தது. 'வாழ்க்கை முடிந்துவிட்டது' என்ற தீர்ப்பு பெரும்பாலோர் விஷயத்தில் பிழை என்பதற்கு இவர்களே சாட்சி.

அதற்காக எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. இடையில் இறந்தவர்கள் உண்டு. அவர்களில் தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. கண்டுபிடிக்கவே முடியாமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை.

திருமணக் கணக்கிலும் ஒரு கசப்பு ஒளிந்திருந்தது. நோயுற்ற ஆண்களில் மணமாகாமல் நின்றவர்கள் அதிகம். நோயுற்ற பெண்களுக்கோ திருமணம் நடந்தது; ஆனால் பலருக்கு அது நிலைக்கவில்லை. அப்படி மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றித் தாராவும் அவருடைய குழுவினரும் தனியே ஆராய்ந்து 2003-இல் எழுதினர். கணவன் கைவிட, சட்டப்படி மணவிலக்கும் இல்லாமல், முதிய பெற்றோரை அண்டி வாழும் பெண்கள் அவர்கள். "எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்?" என்பதே அந்தப் பெற்றோரின் ஓயாத கவலை. 'கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று இன்றும் சொல்லும் உறவினர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குடும்பம்தான் மருந்தா?

1960-களின் பிற்பகுதியில் உலகச் சுகாதார நிறுவனம் 9 நாடுகளில் நடத்திய ஆய்வில் இந்தியாவின் ஆக்ராவும் இடம்பெற்றது. ஏழை நாடுகளின் நோயாளிகள் பணக்கார நாடுகளில் உள்ளவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்று அதில் தெரியவந்தபோது உலகமே வியந்தது. கூட்டுக் குடும்பமே காரணம் என்று நம்மவர்கள் பெருமைப்பட்டுக்கொண்டனர்.

ஆனால் 2008-இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் பட்டேல், தாரா, ஓயே குரேஜே ஆகிய நால்வரும் அந்தப் பெருமையையே கேள்விக்கு உட்படுத்தினர். 11 நாடுகளில் நடந்த 23 ஆய்வுகளை அலசிய அவர்கள், ஏழை நாடு என்றாலே நல்ல முடிவு என்று பொத்தாம் பொதுவாகக் கூற முடியாது என்றனர். சிகிச்சையே கிடைக்காதவர்களும், இளமையிலேயே இறந்தவர்களும் அங்கே பலர். தமக்குச் சாதகமான முடிவையும் சந்தேகித்துப் பார்த்தது அந்த ஆய்வாளர்களின் நேர்மைக்குச் சான்று.

அடுத்து, ஊகத்தை விட்டு நேரடியாகவே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சென்னையில் 168 பேர், கனடாவின் மாண்ட்ரியலில் 165 பேர். பெரும்பாலும் இளையோரான அவர்களுக்கு, நோயின் தொடக்கத்திலேயே, ஒரே விதமான சிகிச்சை முறை 2 ஆண்டுகள் அளிக்கப்பட்டது. 2020-இல் முடிவுகள் வெளியாயின. மாயக்குரல், பொய் நம்பிக்கை போன்ற அறிகுறிகள் தணிந்ததில் இரு ஊருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒதுங்கிப் போதல், ஊக்கமின்மை போன்றவற்றில் சென்னை இளையோர் கூடுதலாகத் தேறியிருந்தனர். சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவர்களும் சென்னையில் குறைவு. அங்கே குடும்பத்தினர் சிகிச்சைக் குழுவோடு இடைவிடாத தொடர்பில் இருந்தனர். குடும்பம் மருந்துக்கு மாற்று அல்ல. மருந்தைத் தொடரச் செய்யும் கை அது.

பினாங்குக்கு ஒரு பாடம்

மலேசியாவில் மனநலச் சிகிச்சையைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முயற்சி 1950-களின் இறுதியிலேயே பினாங்கில் தொடங்கிவிட்டது. இரயில் ஏறித் தொலைதூரம் போக வேண்டிய கட்டாயம் குறையத் தொடங்கியது. 2003-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான தேசியப் பதிவேடும் உருவானது. நோய் தொடங்கியபின் முதல் சிகிச்சைக்கு வருவதற்குள் சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடுகின்றன என்ற கசப்பான உண்மையை அது காட்டியது. கோயிலும் மந்திரமும் வீட்டு மறைப்புமாகக் கழியும் ஆண்டுகள் அவற்றில் எத்தனை என்பதை அவரவர் மனசாட்சியே அறியும்.

2022-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. மனச்சோர்வு வேறு, மனச்சிதைவு வேறு. ஆனால் இரண்டையும் குடும்பங்கள் மறைக்கும் விதம் ஒன்றுதான். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டது. உதவி நாடி வருபவரைச் சட்டம் இனித் தண்டிக்காது. ஊர்ப் பேச்சு தண்டிக்காமல் இருந்தால் போதும்.

சிகிச்சை பெற்ற பிள்ளைகள் 10 ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, மருத்துவர் மட்டும் முயன்றால் போதாது. அடுத்த தவணைக்குப் பிள்ளையை அழைத்துப் போவதும், வீடு மாறும்போது புதிய முகவரியைச் சொல்வதும், நலம் விசாரிக்க வரும் சமூகநல ஊழியரை வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் இருப்பதும் குடும்பத்தின் கையில் உள்ளன. தேறிய பிள்ளையின் கதை பதிவானால், அடுத்து அதே நாற்காலியில் வந்து அமரும் தாய்க்கு அது ஆறுதலாகும்.

சென்னையில் அந்த 90 குடும்பங்களில் பல, கேட்டவர்களுக்குக் கதவைத் திறந்தன. அதனால்தான் "என் பிள்ளையின் வாழ்க்கை முடிந்துவிட்டதா?" என்று கேட்கும் தாய்க்கு, இன்று ஒரு மருத்துவர் தயங்காமல், "இல்லையம்மா" என்று சொல்ல முடிகிறது.