லேப்டாப் திறக்கவில்லையா? ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கும் முன்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் வழியாகப் பல வீடுகளுக்கு லேப்டாப் வந்தது அப்படித்தான். அவற்றில் பல இன்றும் பீரோ மேல் இருக்கின்றன. அத்தாவின் கடைசிக் காலப் படங்கள், நிக்காஹ் வீடியோ, மஹல்லா சந்தாக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். ஒருநாள் பட்டனை அழுத்தினால் திறக்காது. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தரவா?" என்ற கேள்வி வரும். அதற்கு உடனே தலையாட்டிவிடக் கூடாது. கருவி போனால் வேறு வாங்கலாம். கோப்பு போனால் விலைக்குக் கிடைக்காது.

முதலில் பார்க்க வேண்டியவை

விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி கழலக்கூடியது என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். பழைய பேட்டரி கெட்டு, மெஷினையே எழவிடாமல் தடுப்பதுண்டு.

விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் பழுது திரைப் பக்கத்தில்தான், கோப்புகள் பத்திரம். டிவியிலும் வராவிட்டால், ராம் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள்.

கம்பெனி லோகோ வந்து அதோடு நின்றால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸிலோ ஹார்டு டிஸ்க்கிலோ இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டும் தொடர்ந்து சில முறை திறக்க முடியாமல் போனால் தாமாகவே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சேஃப் மோட்' இரண்டையும் முயலலாம். 'ரீசெட்' பக்கம் மட்டும் இப்போது போக வேண்டாம்.

நீலத்திரை 48 இலக்க 'ரெக்கவரி கீ' கேட்டால், டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த எண் பெரும்பாலும் லேப்டாப்பைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கைபேசியில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். அந்த எண் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் படிக்க முடியாது.

'டக் டக்' என்று ஹார்டு டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடும். அதை மீட்பது தரவு மீட்பு ஆய்வுக்கூடத்தின் வேலை; சாதாரண சர்வீஸ் கடையில் திறக்கவே விடக்கூடாது.

கோப்புகளை எடுக்கும் வழிகள்

தொடக்க கால அரசு லேப்டாப்புகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. யாரும் அழிக்காமல் இருந்தால் தொடக்கத் திரையில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். இல்லையென்றால் வேறு கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை இயக்குங்கள். 'இன்ஸ்டால்' வேண்டாம், 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகள் தெரிந்தால் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

மற்றொரு வழி, டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் செருகுவது. சில மலிவு லேப்டாப்புகளில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அதற்கு இது பொருந்தாது.

ஏற்கெனவே ஃபார்மேட் ஆகிவிட்டதா? அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களால் தேடலாம். மீட்பவற்றை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டி வகையில் அழிந்தது திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

பழைய தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொன்றும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் போல்டரையும் சேர்த்து நகலெடுங்கள்.

கடையில் கொடுக்கும்போது

"கேட்காமல் ஃபார்மேட் செய்யக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். திரை, கீபோர்டு, சார்ஜர் போன்ற பழுதுகளுக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. குடும்பப் பெண்களின் படங்கள் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுக்கலாம். கோப்பு மீட்பு என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்குங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய் உட்கார வேண்டியிருந்தாலும் அந்த அரைநாள் வீணல்ல. நம் வீட்டு மானம் நம் கையில் உள்ள அமானிதம்.

மீண்ட பிறகு

மதிப்பெண் சான்றிதழ், ஆதார் போன்றவற்றை அரசின் டிஜிலாக்கரில் மறுபடி எடுக்கலாம். படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. எனவே எதையும் மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மஹல்லா கணக்கென்றால் மாதம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்துத் தலைவர், செயலாளர் இருவரிடமும் தலா ஒரு நகல் கொடுத்துவிடுவது நல்லது.