குடுமிக் கதவும் கம்பளத் தரையும்

மரகத நடராசரால் பெயர்பெற்ற உத்தரகோசமங்கை போன்ற பழைய கற்கோயில்களில் நிலைப்படி தரைக்கு மேல் சற்று உயர்ந்தே நிற்கும். புனிதம் கருதி வைத்தது என்பார்கள். மறுப்பதற்கில்லை, ஆனால் தச்சர் கணக்கும் அதில் உண்டு. கீல் பரவுமுன் கதவு குடுமியில், அதாவது மேலும் கீழும் நீட்டிய முளைகளில் சுழன்றது. கீழ்முளை அந்த நிலைப்படிக் கல்லில் குடைந்த குழியில் அமர்ந்து பாரம் முழுவதையும் தாங்கியது. இன்றைய மடக்குக் கதவும் முளையில்தான் சுழல்கிறது. அந்த முளையைத் தாங்கும் அடிப்பிடியைக் கம்பளத்தின் மேலேயே திருகினால் விரிப்பு அமுங்கும், கதவு சாய்ந்து உரசும். மேல்தடம் தாங்காதா என்றால், வீட்டு அலமாரிக் கதவுகளில் அது பெரும்பாலும் வழிகாட்டுவதோடு சரி. நம் பாயும் ஜமுக்காளமும் சுருட்டி வைப்பவை என்பதால் இந்தச் சிக்கலே இங்கு எழவில்லை. கம்பளம் ஒட்டிய அறையில் பிடி அமரும் இடத்தை மட்டும் வெட்டி, அடித்தரையில் கட்டை பதித்து, அதன்மேல் பொருத்தச் சொல்லுங்கள்.